ஜெப்பர்டி போன்ற பழைய வினாடி வினா நிகழ்ச்சி ஒருநாள் நிறுத்தப்படுமா?

நிறுத்தப்படலாம். நீங்கள் கேட்கிற ஜெப்பர்டியே இதற்கு முன் இரண்டு தடவை நிறுத்தப்பட்ட நிகழ்ச்சிதான். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அப்பா அதைப் பார்க்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார், அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் காலமான பிறகு இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று அடிக்கடி கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய மாதிரி எழுதப் பார்க்கிறேன். நான் இருப்பது கிளிநொச்சியில். ஜெப்பர்டியை யூரியூப்பில் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறேன், ஆனால் வினாடி வினா என்றால் எனக்கு உயிர், ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் போட்டி வைக்கிறவன் என்பதால் இந்த நிகழ்ச்சிகளின் கதைகளைத் தேடித் தேடி வாசிப்பேன்.

முதல் தடவை நின்ற கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது. மேர்வ் கிரிஃபின் உருவாக்கிய இந்த நிகழ்ச்சி 1964 மார்ச் 30ஆம் திகதி என்பிசி என்ற அமெரிக்கச் சானலில் தொடங்கியது, நடத்தியவர் ஆர்ட் ஃபிளெமிங். மத்தியான நேரத்தில் போட்டார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கக்கூடிய நேரம் அது, பத்து வருடம் நன்றாக ஓடியது. 1974இல் அந்த நேரத்தை எடுத்துவிட்டுக் காலை 10.30க்கு மாற்றினார்கள், அதே வருடம் திரும்பவும் பின்னேரம் 1.30க்கு மாற்றினார்கள். சானலுக்கு இளவயதுப் பெண்கள் பார்க்கிற நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன, விளம்பரக் காசு அங்கேதான் கூட. ஜெப்பர்டியை விரும்பிப் பார்த்த சனம் வகுப்பிலும் வேலைத்தலத்திலும் இருக்கும் நேரத்தில் அதைப் போட்டால் பார்வையாளர் குறையாமல் என்ன செய்யும்? 1975 ஜனவரி 3ஆம் திகதியோடு மூடினார்கள். அடுத்த திங்கட்கிழமையே, ஜனவரி 6ஆம் திகதி, வீல் ஒஃப் ஃபோர்ச்சூன் தொடங்கியது. அதுவும் கிரிஃபினுடைய நிகழ்ச்சிதான். பிறகு 1978 ஒக்டோபரில் ஜெப்பர்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1979 மார்ச்சில் மறுபடி நிறுத்தினார்கள். உங்கள் அப்பா பார்ப்பது 1984 செப்டம்பரில் ட்ரெபெக்கோடு வந்த மூன்றாவது பிறவி.

இந்த மூன்றாவது பிறவிக்கும் முதலாவதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இப்போது அது ஒரே ஒரு சானலின் சொத்து இல்லை. தயாரிக்கிற கம்பனி அதை அமெரிக்கா முழுக்க உள்ள உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கிறது. 1975இல் ஒரு சானலின் அதிகாரிகள் முடிவெடுத்தவுடன் எல்லாம் முடிந்தது, இன்று அப்படி ஒரே நாளில் முடிக்க ஏலாது, ஏராளமான நிலையங்கள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதோடு செலவும் குறைவு. ஒரே அரங்கு, மூன்று போட்டியாளர், ஒரு நடத்துநர், ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிடுவார்கள். இவ்வளவு குறைந்த செலவில் வருடம் முழுக்க ஆட்களை ஒரே நேரத்தில் திரையின் முன் உட்கார வைக்கிற வேறு சரக்கு ஒரு நிலையத்துக்குக் கிடைப்பது கஷ்டம். நாடகமென்றால் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைப்பார்கள், வினாடி வினாவை அன்றன்றைக்குப் பார்த்தால்தான் ருசி.

கேள்விகள் தீர்ந்துபோகாதா என்று சிலர் கேட்பார்கள், என் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியில் 61 குறிப்புகள், அதாவது கேள்விகள், ஒரு பருவத்தில் 230 நிகழ்ச்சிகள், பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்குப் பதினாலாயிரத்துக்கு மேல். இத்தனையையும் 1984இலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தில் தினமும் ஏதோ ஒன்று நடக்கிறது, பழைய விஷயத்தையே வேறு பக்கத்தால் கேட்கலாம், அதனால் கேள்வி இல்லாமல் ஒரு நிகழ்ச்சியும் நிற்காது.

அடுத்தது ட்ரெபெக். ஒன்ராறியோவின் சட்பரியில் பிறந்தவர் என்பதால் கனடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு என்று எனக்குத் தெரியும். 2019 மார்ச்சில் தனக்குக் கணையப் புற்றுநோய் என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார், 2020 நவம்பர் 8ஆம் திகதி காலமானார். அவர் கடைசியாகப் பதிவு செய்தவை 2021 ஜனவரி வரை போனது. அதற்குப் பிறகு வந்த குழப்பத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். பல பேரை விருந்தினராக நடத்த வைத்துப் பார்த்துவிட்டு, 2021 ஓகஸ்ட்டில் நிகழ்ச்சியின் தலைமைத் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸையே நடத்துநர் என்று அறிவித்தார்கள். அவர் முன்பு ஒரு பொட்காஸ்ட்டில் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசியது வெளியே வந்து, இரண்டு கிழமை கூட ஆகாமல் விலகினார். அதன் பிறகு மயிம் பியாலிக்கும் கென் ஜெனிங்ஸும் மாறி மாறி நடத்தி, 2023 டிசம்பரிலிருந்து ஜெனிங்ஸ் மட்டும். 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்ற அதே ஜெனிங்ஸ்தான். ஒரு நிகழ்ச்சி தன் முகமாகவே இருந்த மனிதரை இழந்து, அடுத்த தெரிவிலும் சறுக்கி, அப்படியும் ஓடுகிறது என்றால் நடத்துநர் மாறினால் நின்றுவிடும் என்று அப்பா பயப்படத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் உண்மையில் பயப்பட வேண்டியது பார்க்கிறவர்களின் நம்பிக்கை கெட்டுப்போவதற்குத்தான். 1950களில் அமெரிக்காவில் வினாடி வினா நிகழ்ச்சிகள் இரவில் கொடிகட்டிப் பறந்தன. ட்வென்ரி வன் என்ற நிகழ்ச்சியில் சார்ள்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக ஆசிரியருக்குப் பதில்களை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். தான் தோற்கும்படி சொல்லப்பட்டதாக அவரோடு மோதிய ஹேர்பேட் ஸ்டெம்பல் வெளியே சொன்னார். 1958இல் அந்த நிகழ்ச்சியும் அதைப் போன்ற பெரிய நிகழ்ச்சிகளும் வரிசையாக நின்றன, 1959இல் வான் டோரன் அமெரிக்கக் காங்கிரஸ் முன்னால் ஒப்புக்கொண்டார், 1960இல் இப்படி ஏமாற்றுவதைச் சட்டத்தால் தடுத்தார்கள். ஜெப்பர்டி பிறந்ததே அந்தச் சாம்பலில் இருந்துதான். போட்டியாளருக்குப் பதிலைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு, அப்படியென்றால் பதிலையே எல்லோருக்கும் முன்னால் கொடுத்துக் கேள்வியைச் சொல்ல வைப்போம் என்று கிரிஃபினின் மனைவி ஜூலான் சொன்ன யோசனை அது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் நான் இதே முறையில்தான் வைக்கிறேன். "கடல் நீரில் விளக்கெரியும் கோயில்" என்று சொன்னால் "வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் எது?" என்று கத்துவார்கள். "1803 ஒக்டோபர் 31 என்று பண்டார வன்னியனின் தோல்வியைக் கல்லில் பதித்த ஊர்" என்றால் "கற்சிலைமடு எது?" என்று வரும். மனப்பாடம் செய்கிற பிள்ளையும் கொஞ்சம் யோசிக்க வேண்டி வருகிறது, அதுதான் எனக்கு வேண்டும்.

பேராசையாலும் நிகழ்ச்சி நிற்கும். ஹூ வோன்ட்ஸ் ரு பி எ மில்லியனயர் 1998 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கி, அடுத்த வருடம் அமெரிக்காவில் ஏபிசி சானலுக்கு வந்தது. நாடே பார்த்தது. பார்க்கிறார்கள் என்றவுடன் வாரத்தில் நான்கைந்து இரவு போடத் தொடங்கினார்கள். இங்கே இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு வைத்திருக்க வேண்டிய தண்ணீரையும் காலபோகத்திலேயே திறந்துவிட்ட மாதிரி. 2002இல் இரவு நேரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், பிறகு பகல் நேர நிகழ்ச்சியாக 2019 வரை இழுத்தது.

இங்கிலாந்துப் பக்கம் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. யூனிவர்சிற்றி சலஞ்ச் 1962இல் தொடங்கி 1987இல் நின்றது, 1994இல் பிபிசியில் திரும்ப வந்து இன்றும் ஓடுகிறது. மாஸ்டர்மைண்ட் 1972இலிருந்து 1997 வரை, பிறகு 2003இல் திரும்ப. மில்லியனயர் 2014இல் முடிந்து 2018இல் திரும்ப. ஆனால் எல்லாம் அப்படித் திரும்பும் என்று சொல்லிவிடவும் ஏலாது. 1970இலிருந்து ஓடிய எ குவெஸ்ஷன் ஒஃப் ஸ்போர்ட் என்ற விளையாட்டு வினாடி வினாவை நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2023இல் பிபிசி நிறுத்தியது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய நிகழ்ச்சி. பழசு என்ற மரியாதை மட்டும் காப்பாற்றாது.

இது வன்னிச் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டவர்கள் நாங்கள். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. எங்கள் வீட்டில் அப்பப்பா கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் வேலியடியில் நின்று கேட்பார், இடம்பெயர்ந்து போன இடத்திலும் முதலில் றேடியோவுக்குத்தான் இடம் பார்ப்பார்கள். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது, 76 வருடம். தமிழோசை கெட்டுப்போனதால் அது நிற்கவில்லை, சனத்தின் காது சிற்றலையிலிருந்து கைபேசிக்குப் போய்விட்டது. ஜெப்பர்டிக்கும் ஒருநாள் ஆபத்து வருமென்றால் இந்த வழியால்தான் வரும் என்று நினைக்கிறேன். உள்ளூர் நிலையங்களைப் பார்க்கிறவர்களுக்கு வயது ஏறுகிறது, இளம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. அதைத் தயாரிப்பவர்களும் விளங்கிக்கொண்டுதான் 2024 டிசம்பரில் பொப் கல்ச்சர் ஜெப்பர்டி என்ற கிளையைப் பிரைம் வீடியோவில் விட்டார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு வந்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இந்தியில் அமிதாப் பச்சன் 2000ஆம் ஆண்டிலிருந்து அதே மில்லியனயரின் இந்தி வடிவத்தை, இடையில் ஒரு பருவத்தை ஷாருக் கானிடம் விட்டது தவிர, நடத்தி வருகிறார். தமிழில் அதே நிகழ்ச்சியைச் சன் டிவியில் சரத்குமார் நடத்தினார், விஜய் டிவியில் 2012இல் சூர்யாவும் அடுத்த வருடம் பிரகாஷ்ராஜும் நடத்தினார்கள், கலர்ஸ் தமிழில் 2019 டிசம்பரிலிருந்து ராதிகா பெண்களுக்கு மட்டும் நடத்தினார். அதில் காது கேட்காத, பேச முடியாத ஒரு பெண் ஒரு கோடி வென்றதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் ஒன்றும் நிலைக்கவில்லை. நட்சத்திரத்தை நம்பித் தொடங்குகிறார்கள், நட்சத்திரம் அடுத்த படத்துக்குப் போனதும் கடையைக் கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். பி. எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு அப்படி இருக்கவில்லை, இலங்கை வானொலியில் வளர்ந்து தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குப் போயும் அதே ஆளோடு, அதே எளிமையோடு பல வருடம் நின்றது.

இலங்கையில் சிரச லக்‌ஷபதி என்ற வினாடி வினா இருக்கிறது, சிங்களத்தில். 2021 ஜனவரியில் காலியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மாணவி அதில் 20 இலட்சம் வென்றபோது இங்கேயும் கைபேசி கைபேசியாக அந்த வீடியோ போனது. என் வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், இது தமிழில் இருந்தால் நானும் போவன்" என்றாள். அவள் போயிருப்பாள், நன்றாகவும் செய்திருப்பாள்.

சரி, உங்கள் அப்பாவுக்கு என் கணிப்பு இது: அவர் காலத்தில் ஜெப்பர்டி நிற்காது. நேரம் மாறலாம், சானலிலிருந்து இணையத்துக்கு நகரலாம், அப்படி நகர்ந்தால் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அதை எப்படிப் போடுவது என்று நீங்கள் பக்கத்திலிருந்து காட்டிக் கொடுக்க வேண்டி வரும். ஒருவேளை நிறுத்தினாலும் 1984இல் வந்தது போலத் திரும்ப வருவதற்கே வாய்ப்புக் கூட, பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தமிழ்த் தொலைக்காட்சியில், யூரியூப் சானல்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினாவைத் தொடங்குங்கள். பெரிய பரிசு வேண்டாம், நடிகர் வேண்டாம், நல்ல உச்சரிப்புள்ள ஒரு ஆசிரியர் போதும். முல்லைத்தீவு, துணுக்காய், மாங்குளம், பூநகரிப் பிள்ளைகள் வந்து போகப் பஸ் காசை மட்டும் கொடுத்துவிடுங்கள். கேள்விகளை எழுதித் தர நானும் என்னோடு படிப்பிக்கிற சில ஆசிரியர்களும் தயார், காசு எதுவும் தேவையில்லை. கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருக்கிறோம்.