செத்த குஞ்சு சாட்சி சொல்லாது
மீன்குஞ்சுகளின் பாக்டீரியா நோய்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொட்டியில் செத்து மிதந்த குஞ்சுகளை ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ‘ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா’ என்று அறிக்கை வந்தது. மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தும் சாவு நிற்கவில்லை. அறிக்கை தவறா?

பதில்: அறிக்கை சரியாகவே இருக்கலாம். அனுப்பிய மீன்தான் சரியில்லை. ஏரோமோனாஸ் நன்னீரில் எப்போதும் இருக்கும், நலமான மீனின் குடலிலும் இருக்கும். மீன் செத்ததும் குடல்சுவரின் தடுப்பு போய்விடுகிறது. வெதுவெதுப்பான நீரில் கிடந்தால் சில மணி நேரத்தில் அது சிறுநீரகம், கல்லீரல் வரை பரவிவிடும். கிருமியை வளர்க்கும் ஆய்வகத் தட்டிலும் 28 டிகிரி செல்சியஸில் ஒரே இரவில் மண்டிவிடும். எட்வர்ட்சியெல்லா இக்டலூரி போன்ற கிருமி குண்டூசி முனையளவு புள்ளியாகக் கண்ணில் படவே 48 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் தட்டு முழுவதையும் ஏரோமோனாஸ் மூடியிருக்கும். செத்த மீனிலிருந்து எடுத்த தட்டை வைத்து நோயைத் தீர்மானிக்கவே கூடாது.

எடுக்க வேண்டியது சாகும் தறுவாயில் உள்ள மீன். நீர்மட்டத்தில் தொங்குவது, கூட்டத்தை விட்டு ஓரத்தில் ஒதுங்குவது, தீவனத்துக்கு வராதது, சுழன்று நீந்துவது எல்லாம் அதற்கு அடையாளம். அதே தொட்டியில் நலமாகத் தெரியும் ஐந்தாறு குஞ்சுகளையும் சேர்த்துப் பிடியுங்கள். நோயுற்ற மீனில் இருப்பது நலமான மீனிலும் அதே அளவில் வளர்ந்தால், அது காரணம் அல்ல என்று உடனே தெரிந்துவிடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீர், மீதி ஆக்சிஜன் என்று உயிரோடு கொண்டு போவதே நல்லது. முடியாதென்றால், உயிர் போன நொடியிலேயே தண்ணீர் இல்லாத தனித்தனிப் பையில் போட்டு, பொடித்த ஐஸின் நடுவே வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். உறைய வைக்காதீர்கள். உறைந்த திசு உடைந்து நுண்ணோக்கிக்குப் பயன்படாமல் போகும், சில கிருமிகளும் செத்துவிடும்.

பாக்டீரியாவைத் தேடும் முன் நீரைப் பாருங்கள். வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரைட், கார அமில நிலை ஐந்தையும் அளக்க வேண்டும். விடியற்காலையில் ஒரே நாளில் மொத்தமாகச் சாவு, அதுவும் பெரியவை முதலில் செத்தால் ஆக்சிஜன் குறைவைச் சந்தேகிக்கலாம். செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் சாவுதான் தொற்றின் வழக்கம். செவுள் துணுக்கு ஒன்றை, சாயமிடாமல் ஒரு சொட்டு தொட்டி நீரில் வைத்து 100 முதல் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். டிரைக்கோடினா, செவுள் புழு போன்ற ஒட்டுண்ணிகள் அதிலேயே தெரியும். அவை போட்ட புண் வழியாகத்தான் பல நேரம் ஏரோமோனாஸ் நுழைகிறது.

மருந்துத் தீவனத்தைப் பற்றியும் ஒன்று. நோயுற்ற மீன் இரை எடுக்காது. நலமானவை தின்ன, சாக வேண்டியவை சாகின்றன. அரைகுறை அளவில் மருந்து பட்ட கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் உணர்திறன் சோதனை முடியாமல் மருந்து தொடங்குவதை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். பெரிய மீனில் சிறுநீரகத்திலிருந்து கிருமியை எடுக்கிறேன். இரண்டு செ.மீ. குஞ்சில் உறுப்புகளைப் பிரிக்கவே முடியவில்லை. முழுக் குஞ்சையும் அரைக்கலாமா?

பதில்: அரைக்கலாம், ஆனால் குடலை நீக்கிவிட்டு. குடலோடு அரைத்தால் முதல் கேள்வியின் சிக்கலை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

எம்.எஸ்.222 மயக்க மருந்தை லிட்டருக்கு 250 மி.கி.க்குக் குறையாமல், சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தன்மை நீக்கிக் கொடுங்கள். செவுள்மூடி அசைவு நின்றபின் இன்னும் 10 நிமிடம் விடவும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் சில விநாடி முக்கி, 0.85 சதவீதத் தூய உப்புக் கரைசலில் அலசுங்கள். அதிக நேரம் ஊறினால் மெல்லிய தோல் வழியாக ஆல்கஹால் உள்ளே போய்க் கிருமியைக் கொன்றுவிடும். பிரிப்பு நுண்ணோக்கியின் கீழ், ஆசனத் துளையைத் தொடாமல் வயிற்றை ஓரமாகக் கீறி, கூர்முனை இடுக்கியால் குடலை ஒரே இழுப்பில் எடுங்கள். குடல் கிழிந்தால் அந்தக் குஞ்சை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். தலையையும் வாலையும் வெட்டி நீக்கிய உடலை எடைபோட்டு, ஒன்பது மடங்கு உப்புக் கரைசலில் அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து தட்டில் பூசுங்கள்.

நீர்க்கச் செய்வதை நேரம் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உண்மையான நோயில், ஒரே வகைக் காலனி (தட்டில் வளரும் கிருமித் திட்டு) உயர்ந்த நீர்ப்பிலும் மேலோங்கி நிற்கும். பல வகைகள் கலந்து, முதல் நீர்ப்போடு மறைந்துபோனால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டியது. ஐந்து குஞ்சுகளை ஒன்றாக அரைத்தால் கிருமி கிடைக்கும், ஆனால் எத்தனை குஞ்சுகளில் இருந்தது என்ற கணக்கு போய்விடும். ஆய்வேட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகவே செய்யுங்கள். விரலளவு வளர்ந்த குஞ்சில் சிறுநீரகமே சிறந்தது. இரத்தத்தை வடிகட்டுவதால் கிருமி அங்கே சேர்கிறது. காற்றுப்பைக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டிச் சிவப்பாக ஓடும் பட்டை அது. சுழன்று நீந்தி, கண் பிதுங்கிய மீனில் மூளையையும் எடுக்கத் தவறாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல நேரம் அங்கேதான் தங்குகிறது.

கேள்வி: முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டு, அரித்த செவுள். காலம்னாரிஸ் நோய் என்று உறுதியாக நினைக்கிறோம். ஆனால் கிருமி வளர்க்கும் வழக்கமான ஊடகமான டிரிப்டிக் சோயா அகாரில் எதுவும் வளரவில்லையே?

பதில்: வளராது. இந்த நோயை உண்டாக்கும் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரேவுக்கு அந்த ஊடகத்தின் சத்து மிகை. சத்துக் குறைந்த சைட்டோஃபேகா அகார் அல்லது ஷீ அகாரில், 25 முதல் 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. டோப்ராமைசின் சேர்த்தால் மற்றக் கிருமிகள் அடங்கும். தட்டையான, வேர்போலக் கிளைவிட்ட, அகாரை ஒட்டிப் பிடிக்கும் மஞ்சள் காலனி வரும். அதன்மேல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மஞ்சள் செம்பழுப்பாகும், தண்ணீரில் கழுவினால் திரும்ப மஞ்சளாகும்.

தட்டுக்குக் காத்திருக்காமலேயே அன்றே ஓரளவு சொல்லிவிடலாம். புண்ணின் ஓரத்தைச் சுரண்டி நீரில் வைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். மெல்லிய நீண்ட கம்பிகள் வழுக்கி நகர்ந்து வைக்கோற்போர் போலக் குவியும். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் பிற கிருமிகளே கிடைக்கும், ஓரம்தான் முக்கியம். மருந்து உணர்திறனுக்கும் வழக்கமான முல்லர் ஹின்டன் தட்டு இதற்கு உதவாது. லிட்டருக்கு 4 கிராமாக நீர்த்த முல்லர் ஹின்டன் குழம்பில், 28 டிகிரியில் 44 முதல் 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நோய் இல்லை என்று சொல்ல எத்தனை குஞ்சு எடுக்க வேண்டும்?

பதில்: பெரிய கூட்டத்தில் நூற்றுக்கு பத்தில் தொற்று இருந்தால் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க 30 குஞ்சு. நூற்றுக்கு ஐந்தென்றால் 60, இரண்டென்றால் 150. இது பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் தற்போக்காக எடுப்பதற்கு. வலைக்கு முதலில் அகப்படும் சோர்ந்த குஞ்சுகளை மட்டும் அள்ளினால் இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி: கிருமியை ஊசியில் செலுத்தினால் எல்லாக் குஞ்சும் சாகின்றன, நீரில் கலந்தால் ஒன்றுகூடச் சாவதில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும், ஆனால் வெவ்வேறு கேள்விக்கான பதிலாக. ஊசி தோலையும் சளிப்படலத்தையும் தாண்டிப் போகிறது. உள்ளே போனால் கொல்லுமா என்பதை மட்டும் காட்டும். தொட்டியில் நடப்பதற்கு நெருக்கமானது, கிருமி கலந்த நீரில் மீனை முக்கி வைக்கும் முறை.

அதில் சாவு இல்லையென்றால் முதலில் உங்கள் கிருமியைச் சந்தேகியுங்கள். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் வீரியம் குறையும். காலம்னாரேவில் வேர்போன்ற விளிம்பு மறைவதே அதற்கு அடையாளம். எடுத்த உடனேயே 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்துவிடுங்கள். அடுத்து அளவு. காலம்னாரே கட்டிகட்டியாக வளர்வதால் கலங்கல் அளவை வைத்து எண்ணிக்கை சொன்னால் ஏமாறுவீர்கள். மீன் இருக்கும் நீரையே எடுத்துத் தட்டில் எண்ணுங்கள். கிருமி இல்லாத ஊடகத்தை அதே அளவில் சேர்த்த ஒப்பீட்டுத் தொட்டி கட்டாயம். சாகும் குஞ்சிலிருந்து அதே கிருமியைத் திரும்பப் பிரித்தெடுத்தால்தான் சோதனை முடிந்தது. விலங்கு நெறிக்குழு அனுமதியும், சாவுக்கு முன்பே மயக்கமருந்தில் குஞ்சின் துன்பத்தை முடிக்கும் எல்லையும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஃபார்மலினில் போட்ட குஞ்சுகளை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். ஃபார்மலின் மரபணு இழையைச் சிதைக்கும். பிடிக்கும்போதே இரண்டாகப் பிரியுங்கள். பி.சி.ஆருக்கு 95 சதவீத எத்தனாலில் ஒரு பங்கு. திசு ஆய்வுக்கு 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், குஞ்சின் எடையைப் போலப் பத்து மடங்கு, வயிற்றைக் கீறிவிட்டு முழுக்குஞ்சாக ஒரு பங்கு. கீறாமல் போட்டால் வெளித்தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே அழுகியிருக்கும்.