டொமைன் கேள்வி-பதில்: கருவி காட்டும் விலையை நம்பலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியைத் தட்டியவுடன் விலை காட்டுகிற இலவசக் கருவிகள். மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

என் டாட் காம் பெயருக்கு ஒரு கருவி 1,400 டாலர் காட்டுகிறது, இன்னொன்று 85 டாலர், மூன்றாவது 5,000-க்கு மேல். எது சரி? (ஆலங்குளம்)

மூன்றுமே விலை இல்லை. கோடாடி, எஸ்டிபாட் போன்ற கருவிகள் பார்ப்பது பெயரின் நீளம், அதில் உள்ள சொற்களை எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரக்காரர்கள் என்ன கொடுக்கிறார்கள், இதைப் போன்ற பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்பவற்றைத்தான். ஒவ்வொரு கருவியும் வேறு வேறு தரவை வைத்துக் கணக்குப் போடுவதால் விடையும் வேறாக வருகிறது.

அந்தத் தரவிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வெளியே தெரிந்த விற்பனைதான் கணக்கில் ஏறும். ரகசிய ஒப்பந்தத்தில் கைமாறியது ஏறாது, விற்காமல் கிடப்பதும் ஏறாது. நூறு பெயர் வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் அதுவே நல்ல வருடம். மிச்சம் தொண்ணூற்றெட்டின் கதை கருவிக்குத் தெரியாது. அப்புறம், இன்னொரு டொமைன் வியாபாரி தருகிற விலைக்கும், அந்தப் பெயரில் தொழில் நடத்தப் போகிறவர் தருகிற விலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வரும். கருவி காட்டும் ஒற்றை எண் இதில் எதைச் சொல்கிறது?

2019-இல் வாய்ஸ் டாட் காம் என்ற பெயர் 3 கோடி டாலருக்குப் போனது. மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் விற்றது, பிளாக் டாட் ஒன் நிறுவனம் வாங்கியது. வாங்கியவருக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது, விற்றவருக்கு விற்கவேண்டிய அவசரம் இல்லை. இந்த இரண்டையும் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பத்திரப் பதிவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, மழை பெய்தால் அந்த மனையில் தண்ணீர் நிற்குமா என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

உங்களுக்கு உருப்படியான வேலை ஒன்று சொல்கிறேன். நேம்பயோ தளத்தில் உங்கள் பெயரைப் போன்ற பெயர்கள் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்.

என் டொமைனின் மதிப்பு என்ன? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

டொமைன் பெயரையும் குறிப்பிடவில்லை. பெயரை எழுதாமல் மதிப்புக் கேட்டு இதுபோல நிறைய கடிதங்கள் வருகின்றன. பெயர், பதிவு செய்த வருடம், காலாவதித் தேதி, இதுவரை யாராவது விலை கேட்டார்களா என்ற விவரம், இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன்.

பனைப் பொருள் விற்க ஒரு பெயர் பதிந்தேன். கருவி 6,000 டாலர் என்கிறது! விற்றுவிடட்டுமா? (திசையன்விளை)

அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பனை என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்து ஏ, ஐ. செயற்கை நுண்ணறிவுப் பெயர்களுக்கு இப்போது இருக்கிற கிராக்கி உங்களுக்கே தெரியும். கருவி எழுத்துச் சரத்தைப் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாகத்தான் வெட்டிப் பார்க்கும். முதல் மூன்று எழுத்தை பான், அதாவது வாணலி என்றும், கடைசி இரண்டைச் செயற்கை நுண்ணறிவு என்றும் எடுத்துக்கொண்டால் விலை ஏறத்தான் செய்யும். நெல்லை, வாழை, மலை, சந்தை, கடை என்று நம் சொற்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன. தமிழ்ச் சொல் உள்ள பெயருக்குக் கருவி அதிகமாகக் காட்டினாலும் குறைவாகக் காட்டினாலும் முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த வெட்டைத்தான்.

உங்கள் பெயரில் கருப்பட்டியும் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தெரிந்தவர் மூன்று பேரிடம் போனில் பெயரைச் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் நல்ல பெயர். விற்பதை விட்டுவிட்டு, அதில் கருப்பட்டி விற்கப் பாருங்கள்.

பாய் வியாபாரம் செய்கிறேன். ஆறு வருடமாக இணையதளம் இருக்கிறது. அதைச் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே வைத்திருக்கிறார். வேறு ஆளிடம் மாறப் போகிறேன் என்றதும், கருவி 900 டாலர் காட்டுவதாகச் சொல்லி 80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கவேண்டுமா? (பத்தமடை)

கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தென்காசி, சங்கரன்கோவில், வீரவநல்லூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே புகார் வருகிறது. தளம் செய்து தருகிறவர் பெயரைத் தன் கணக்கில் பதிந்துகொள்கிறார். ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் ஆகிற புதுப்பிப்புக்கு வருடா வருடம் ஐயாயிரம் வாங்குகிறார். கடைக்காரர் விலகும்போது கருவியின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து நீட்டுகிறார்.

அந்த 900 டாலர் எங்கிருந்து வந்தது? யாரோ வாங்க வரிசையில் நிற்பார்கள் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. உங்கள் கடைப் பெயர் உள்ள டொமைனை உலகத்தில் வேறு யார் வாங்குவார்கள்? வெளி ஆளுக்கு அதன் மதிப்பு சைபர். உங்களுக்கு மட்டும் மதிப்பு உண்டு. அந்த மதிப்பும் ஆறு வருடம் நீங்கள் பாய் விற்றுச் சம்பாதித்த பெயரால் வந்தது. அதை உங்களுக்கே விலைக்கு விற்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

இப்போது செய்யவேண்டியது. முதலில், இன்றைக்கே உங்கள் ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் எந்த மெயில் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அந்த டொமைனில் உள்ள முகவரி என்றால் உடனே மாற்றுங்கள். பெயர் கைவிட்டுப் போனால் ஓடிபியும் போய்விடும். பழைய மெயில்களை எல்லாம் இறக்கி வையுங்கள். அதே பெயரில் டாட் இன் காலியாக இருந்தால் உங்கள் கணக்கில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அவருக்குப் பணம் கொடுத்ததற்கான ரசீது, வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு, பெயரை என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. டாட் காமுக்கு யூடிஆர்பி என்ற சர்வதேசத் தீர்வு முறையும் இருக்கிறது. ஆனால் அதை நடத்தும் வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் என்றாலும் கட்டணம் 1,500 டாலர், அவர் கேட்பதைவிட அதிகம். அதனால் நோட்டீஸோடு முடிக்கப் பாருங்கள். அவருக்குக் கூலி பாக்கி இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். மாற்றித் தரும் வேலைக்கு ஐந்தாயிரம் சேர்த்துக் கொடுத்தாலும் தப்பில்லை. ஆனால் பேரத்தை 80,000-இலிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

மற்ற எல்லோருக்கும், எத்தனையாவது முறை என்றாலும் மறுபடி சொல்கிறேன்: டொமைன் உங்கள் கணக்கில், உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். மருமகனே தளம் செய்து தந்தாலும் இதுதான்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் டாட் இன்-இல் காலியாக இருக்கிறது. கருவி நல்ல விலை காட்டுகிறது. பதிந்து அவர்களுக்கே விற்கலாமா? (பேட்டை, கல்லூரி மாணவர்)

கூடாது. வர்த்தக முத்திரை அவர்களுடையது என்றால் கருவி காட்டும் விலையால் உங்களுக்குப் பயன் இல்லை. நீங்கள் விலை சொல்லி அனுப்பும் கடிதமே உங்கள் கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடும். டாட் இன்-க்கு ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. அதில் பெயர் அவர்கள் கைக்குப் போகும், உங்களுக்கு ஒரு ரூபாய் வராது.

என் பெயரை 20,000 டாலருக்கு வாங்கத் தயார் என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்கிறார். கட்டணம் 100 டாலர்தான். (தென்காசி)

மோசடி. வாங்குகிறவரும் சான்றிதழ்த் தளமும் ஒரே ஆள். 100 டாலர் கட்டியதும் மெயில் நின்றுவிடும். உண்மையாக வாங்க வருகிறவர் சான்றிதழ் கேட்க மாட்டார், விலை கேட்பார்.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா பெயர் வைத்திருக்கிறேன். கருவி ஒன்றுமே இல்லை என்கிறது. வீணா? (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வீண் இல்லை, ஐயா. கணினி உள்ளுக்குள் அந்தப் பெயரை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது. கருவி அந்தக் கோவையை அப்படியே படித்தால் நடுவில் கோடும் எண்ணும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்ப் பெயர்களின் விற்பனையும் குறைவு. லாபத்துக்கு விற்க இதை வாங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் எழுதுவதற்காக வைத்திருக்கிறீர்கள், தாராளமாகத் தொடருங்கள்.

நாற்பது பெயர் வைத்திருக்கிறேன். கருவிக் கணக்கில் மொத்தம் 38,000 டாலர். புதுப்பிக்கப் பணம் போதவில்லை. கடன் வாங்கலாமா? (வள்ளியூர்)

வாங்காதீர்கள். கூட்டுத்தொகை போடுவதை முதலில் நிறுத்துங்கள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட விசாரிக்காத பெயர்களை விட்டுவிடுங்கள். கருவி உங்களுக்கு உதவுவது இங்கேதான்: எதை முதலில் விடலாம் என்று தோராயமாகப் பிரிக்கலாம், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

வாங்குகிறவர் முதலில் மாற்றக் குறியீட்டை (பெயரை வேறு இடத்துக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டை) கேட்கிறார், பணம் அப்புறமாம். (சுரண்டை)

தராதீர்கள். எஸ்க்ரோ, அதாவது இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் சேவை வழியாகப் பணம் கட்டட்டும், அங்கே பணம் வந்து சேர்ந்தது தெரிந்ததும் குறியீடு. எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள்.