வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் உடன் சென்ற அறிஞர்கள், அந்நாட்டின் பழஞ்சின்னங்களைப் படங்களுடன் தொகுத்த பெருநூலை வெளியிட ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?

பதில்: ‘எகிப்து விவரணம்’ என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சு நூலை அரசுச் செலவில் அச்சிட 1802-இல் முடிவானது, முதல் தொகுதிகள் 1809 என்ற ஆண்டைத் தாங்கி வந்தன, வேலை முடிய 1820-களின் இறுதி ஆயிற்று. தாமதத்துக்கு முதற்காரணம் படங்கள்தாம். படங்களை அச்சிட நூற்றுக்கணக்கான செப்புத் தகடுகளைக் கையால் செதுக்க வேண்டியிருந்தது. அவற்றில் சில ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையவை. கோயிலுக்குப் பின்னே விரியும் வெறும் வானத்தைக் காட்டவே மெல்லிய இணைகோடுகளை வரிசை வரிசையாக இழுத்தாக வேண்டும். இந்த வேலைக்கென்றே, படையெடுப்பில் உடன் சென்றவரும் நூலின் முதல் பொறுப்பாளருமான கோந்தே ஓர் இயந்திரத்தை உருவாக்கி, மாதக்கணக்கான உழைப்பை நாள்கணக்காகச் சுருக்கினார். (இன்றைய பென்சிலுக்கு வழிகாட்டியவரும் இவரே.) 1805-இல் அவர் இறந்தார், பின்னர் பதிப்புப் பொறுப்பை நெடுங்காலம் சுமந்தவர், உடன் சென்ற அறிஞர்களில் ஒருவரான ழோமார். இடையில் நெப்போலியனே வீழ்ந்தும், மீண்டு வந்த மன்னராட்சி பணியை நிறுத்தவில்லை.

படங்களை நம்பலாம், விளக்கங்களை அப்படியே ஏற்க முடியாது என்பது என் கருத்து. பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துகளின் புதிரைப் பிரெஞ்சு மொழியறிஞர் ஷாம்போலியோன் 1822-இல்தான் அவிழ்த்தார். அதற்கு முன் எழுதியவர்கள், கல்வெட்டுகளைப் படிக்க இயலாமல், கிரேக்க-உரோமைக் காலத்துத் தெந்தேராக் கோயிலை மிகத் தொன்மையானதாகக் கருதிவிட்டனர். ஆனால், பின்னாளில் இடிக்கப்பட்ட சில கோயில்களின் தோற்றத்தை அறிய இன்றும் அந்நூலின் படங்களையே நாட வேண்டியிருக்கிறது.