ஸ்டர்லிங் இஞ்சின் ஐந்து சுற்றில் நிற்கிறதா? தீயைக் கூட்டாதீர்கள்

கேள்வி: கண்ணாடிச் சோதனைக் குழாயும் 10 மில்லி கண்ணாடி சிரிஞ்சும் வைத்து, அடைபட்ட காற்றை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து ஓடும் ஸ்டர்லிங் இஞ்சின் ஒன்று செய்தேன். ஸ்பிரிட் விளக்கில் மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டு பிளைவீலைச் சுற்றிவிட்டால் ஐந்தாறு சுற்று போய் நின்றுவிடுகிறது. விளக்கை இரண்டாக்கியும் பலனில்லை. குழாயின் உள்விட்டம் 22 மி.மீ. டிஸ்பிளேசர் (குழாய்க்குள் முன்னும் பின்னும் போய்க் காற்றை இடம் மாற்றும் உருளை) லேத்தில் கடைந்த அலுமினியத் தண்டு, 18 மி.மீ விட்டம், 60 மி.மீ நீளம். சிரிஞ்சின் உள்விட்டம் 16 மி.மீ. இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது முனைக்கு முனை நகரும் தூரம், 20 மி.மீ. சிரிஞ்சையும் குழாயையும் 15 செ.மீ ரப்பர் டியூபால் இணைத்திருக்கிறேன், அதன் துளை 6 மி.மீ. எங்கே தப்பு?

பதில்: அளவுகளை எல்லாம் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி, இந்த அளவுகளிலேயே பாதி பதில் இருக்கிறது. இரண்டாவது விளக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் இஞ்சினுக்குச் சூடு போதவில்லை என்பதல்ல பிரச்சினை, கிடைக்கிற கொஞ்ச சக்தியும் வெளியே வருவதற்குள் தீர்ந்துபோகிறது.

எவ்வளவு கொஞ்சம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த அளவு இஞ்சின் நன்றாக அமைந்தால், பிஸ்டனை, அதாவது சிரிஞ்சின் உள்தண்டை, தள்ளும் சராசரி அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிஸ்டன் ஒரு ஸ்ட்ரோக்கில் 4 சி.சி நகர்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 0.04 ஜூல், அதாவது 40 கிராம் எடையை 10 செ.மீ தூக்குகிற வேலை, அவ்வளவுதான் மொத்த வரவு. பேரிங், சிரிஞ்ச், டிஸ்பிளேசர் கம்பி எல்லாவற்றின் உராய்வும் இந்த வரவுக்குள் அடங்க வேண்டும்.

இப்போது உங்கள் டிஸ்பிளேசரைப் பாருங்கள். கெட்டியான அலுமினியத் தண்டு, அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 41 கிராம் வரும். ஒரு சுற்றில் 40 கிராமை 10 செ.மீ தூக்கும் சக்திதான் இருக்கிறது என்னும்போது, அதே எடையை ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் இழுத்து நிறுத்தித் திருப்பிவிட வேண்டியிருக்கிறது! அதோடு முடியவில்லை. குழாய் படுத்திருப்பதால் அந்த எடை முழுவதும் மெல்லிய கம்பியின் நுனியில் தொங்கி, கம்பியைப் புஷ்ஷில் (கம்பி நுழைந்து நகரும் சிறு குழலில்) ஒரு பக்கமாக அழுத்தும். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் என்பதால் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு வெப்பத்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும். டிஸ்பிளேசரின் வேலை காற்றை இடம் மாற்றுவது மட்டும்தான், வெப்பத்தைச் சுமப்பது அல்ல.

அதனால் இதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். மெல்லிய தகர டப்பாவை வெட்டி, 20.5 மி.மீ விட்டத்தில் உள்ளே வெற்றாக ஒரு உருளை செய்யுங்கள். 0.2 மி.மீ தகரத்தில் செய்தால் 7 கிராம்தான் வரும். மூட்டுகளை மடித்துத் தட்டி இறுக்குங்கள், ஈயப்பற்று வைத்தால் தீப்பக்கத்தில் உருகிவிடும். குளிர்ந்த பக்கத்து மூடியில் மட்டும் குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூடாகி உருளையைப் பிதுக்கும். நீளம் 60 மி.மீ அப்படியே இருக்கட்டும், ஸ்ட்ரோக்கைப் போல மூன்று மடங்கு என்பது நல்ல அளவு.

விட்டத்தை ஏன் கூட்டச் சொல்கிறேன் என்றால், 18 மி.மீ டிஸ்பிளேசரைச் சுற்றி இருக்கிற 2 மி.மீ இடைவெளியில் மட்டும் ஏழரை சி.சி காற்று சும்மா கிடக்கிறது. அந்த ரப்பர் டியூபுக்குள் இன்னொரு 4.2 சி.சி, அது உங்கள் பிஸ்டன் நகர்கிற அளவைவிடவே அதிகம்! இந்தக் காற்று முழுதாகச் சூடாவதும் இல்லை, முழுதாகக் குளிர்வதும் இல்லை. மற்ற காற்று விரியும்போது இது ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. 20.5 மி.மீ ஆக்கினால் இடைவெளியில் 3 சி.சிதான் மிஞ்சும். டியூபை 3 செ.மீ நீளத்துக்கு, 4 மி.மீ துளையுள்ளதாக மாற்றினால் அரை சி.சி கூட வராது. சிரிஞ்சைக் குழாய்க்கு அருகில் கொண்டுவர உங்கள் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும், அந்த வேலைக்குச் சோம்பல் படாதீர்கள். இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோகவும் வேண்டாம், உருளை கண்ணாடியில் உரசத் தொடங்கினால் எல்லாம் வீண்.

அடுத்து பிஸ்டன் ஸ்ட்ரோக். இது பலருக்கும் பிடிபடாத இடம். பிஸ்டன் பெரிதாக இருந்தால் பலம் கூடும் என்று தோன்றும், ஆனால் காற்று விரிந்துகொண்டே போய் ஸ்ட்ரோக் முடிவதற்கு முன்பே அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால், மிச்ச தூரம் பிளைவீல்தான் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெந்நீர்ச் சூட்டிலேயே ஓடும் தட்டையான ஸ்டர்லிங் இஞ்சினை 1983-ல் செய்து காட்டிய குரோஷியாவின் ஸாக்ரெப் நகரப் பேராசிரியர் ஈவோ கோலின் இதற்கு ஒரு எளிய கணக்கு தந்திருக்கிறார்: சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை 1100-ஆல் வகுங்கள், டிஸ்பிளேசர் நகர்த்தும் காற்றில் அந்தப் பங்குதான் பிஸ்டனுக்கு. உங்களுக்கு வித்தியாசம் 300 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் 0.27. புது டிஸ்பிளேசர் 6.6 சி.சி நகர்த்தும், ஆக பிஸ்டனுக்கு 1.8 சி.சி. இப்போது நீங்கள் வைத்திருப்பது 4. சிரிஞ்சை மாற்ற வேண்டாம், கிராங்கில் மையத்திலிருந்து 5 மி.மீ தள்ளி இன்னொரு துளை போட்டால் ஸ்ட்ரோக் 10 மி.மீ ஆகும், 2 சி.சி வரும். அது போதும்.

சரி, இனி உராய்வு. சிரிஞ்சைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், கண்ணாடிக்குக் கண்ணாடி உலர்ந்து இருக்கும்போதுதான் வழுக்கும். செங்குத்தாகப் பிடித்தால் உள்தண்டு தன் எடையிலேயே இறங்க வேண்டும். பிறகு முனையை விரலால் அடைத்துப் பிடித்தால் சட்டென்று நின்று, மிக மெதுவாகத்தான் இறங்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் அருமையான சிரிஞ்ச். பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேண்டாம், அதன் ரப்பர் பிடிக்கும் பிடியிலேயே உங்கள் 0.04 ஜூலும் போய்விடும்.

பேரிங் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 608 எண் பால் பேரிங் மாதிரி கடையில் வாங்கியதாக இருந்தால் உள்ளே கிரீஸ் இருக்கும், சின்ன இஞ்சினுக்கு அது பசை மாதிரி. மூடியை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். விளக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யாதீர்கள். அப்புறம் கனெக்டிங் ராடுகளைக் கழற்றிவிட்டு பிளைவீலை மட்டும் சுண்டிப் பாருங்கள், அரை நிமிடமாவது ஓட வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம், எதிர்ப்பக்கம் ஒரு நட்டு வைத்துச் சமன் செய்யுங்கள். பிறகு ராடுகளை மாட்டி, ரப்பர் டியூபை மட்டும் கழற்றி வைத்துச் சுண்டுங்கள். பத்துச் சுற்றுக்குக் குறைந்தால் எங்கோ உரசுகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விளக்கைக் கொளுத்துவதில் அர்த்தமில்லை.

கசிவைப் பார்ப்பது சுலபம். இஞ்சின் ஆறியிருக்கும்போது டியூபை மாட்டி, பிஸ்டனின் ராடை மட்டும் கழற்றி, டிஸ்பிளேசர் நகராமல் பிடித்துக்கொண்டு, பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே தள்ளி விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும். தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டால் காற்று போகிறது. சோப்புத் தண்ணீரைத் தக்கை, டியூப், கம்பி நுழையும் இடம் மூன்றிலும் தடவிவிட்டு மறுபடி தள்ளினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் கம்பி நுழையும் இடம்தான். கம்பியைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து நேராக இருப்பதை எடுங்கள், பித்தளைப் புஷ் 15 மி.மீயாவது நீளம் இருக்கட்டும், அங்கே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் கசிவும் அடையும்.

இன்னொன்று, கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் என் முதல் இஞ்சினில் இதற்கே ஒரு வாரம் போனது: எந்தப் பக்கம் சுற்றிவிடுகிறீர்கள்? இந்த இஞ்சின் ஒரு திசையில்தான் ஓடும். டிஸ்பிளேசர் முழுதாகத் தக்கைப் பக்கம் வந்து நிற்கும்போது காற்றெல்லாம் தீப்பக்கம் இருக்கும், அந்த நொடியில் பிஸ்டன் பாதி வழியில், வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். உள்ளே வந்துகொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். பாதி வழியில் இல்லாமல் ஒரு முனையில் நின்றால் இரண்டு கிராங்குக்கும் இடையே 90 டிகிரி அமையவில்லை, திருத்துங்கள்.

மூன்று நிமிடம் சூடாக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் தக்கைப் பக்கமும் கைவைக்க முடியாமல் ஆகியிருக்கும். ஒரு நிமிடம் போதும், தீ குழாயின் கடைசி 2 செ.மீயில் மட்டும் படட்டும், தக்கைப் பக்கம் ஈரத்துணி சுற்றுங்கள். சூடான பக்கம் 350 டிகிரி, குளிர்ந்த பக்கம் 30 டிகிரி என்றால் கோட்பாட்டு உச்சத் திறன் 51 சதவீதம், குளிர்ந்த பக்கம் 90-க்கு ஏறினால் 42 ஆகிறது. தீப்பக்கத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. 1816-ல் இந்த இஞ்சினுக்குக் காப்புரிமை பெற்ற ராபர்ட் ஸ்டர்லிங்கும் அவர் தம்பி ஜேம்ஸும் 1840-களில் ஸ்காட்லாந்தின் டண்டி நகர வார்ப்பாலையில் ஓட்டிய பெரிய இஞ்சினே, சூடான சிலிண்டர்கள் மறுபடி மறுபடி வீணானதால்தான் கைவிடப்பட்டது. உங்கள் குழாய் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிதானா என்று பாருங்கள், சாதாரணக் கண்ணாடி என்றால் தீயில் வைக்காதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஸ்பிரிட் ஜுவாலை வெயிலில் தெரியாது, எரிகிற விளக்கில் ஒருபோதும் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன உத்தி. ரப்பர் டியூபைக் கழற்றி வைத்துச் சூடாக்கி, சூடேறிய பிறகு மாட்டுங்கள், அப்போது விரிந்த காற்று வெளியேறி உள்ளே சராசரி அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாக இருக்கும். மாட்டியவுடன் சுண்டுங்கள். இதெல்லாம் செய்தும் நின்றால், டியூபைக் கழற்றிவிட்டு எத்தனை சுற்று ஓடியது, மாட்டிய பிறகு எத்தனை சுற்று ஓடியது என்று இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.