சைலன்சரை அறுப்பதற்கு முன்

கேள்வி: எங்களுடையது பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டர்போ டீசல் லாரி, 10 சக்கரம். நாமக்கல்லில் லோடு ஏற்றிப் போனால் மேட்டில் முன்பு போல இழுவை இல்லை, டீசலும் கூடக் குடிக்கிறது. சைலன்சரோடு இருக்கும் டிபிஎஃப்-ஐ (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எடுத்துவிட்டு 5 அங்குல பைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வண்டி புதிதாக வந்தபோது இதே பைப்போடுதானே மேடு ஏறியது? இடையில் ஏதோ கெட்டிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

டர்போவைச் சுற்ற வைப்பது இன்ஜினிலிருந்து வரும் புகைதான். டர்போவுக்கு முன்னால் புகை கசிந்தாலும் இழுவை போகும், பின்னால் அடைத்தாலும் போகும். இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து, மேனிஃபோல்டும் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) டர்போவும் சேரும் இடத்தைப் பாருங்கள். விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது. அப்புறம் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்: கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

இவை சரியாக இருந்தால்தான் டிபிஎஃப் பக்கம் போக வேண்டும். கரி அடைப்பு என்றால், வண்டியை நிறுத்தி வைத்து ரீஜென் (வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிப்பது) செய்தாலே சுமார் 600 டிகிரி சூட்டில் எரிந்துவிடும். இன்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, கழற்றி மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள்.

இனி அந்தத் தெரிந்தவர். நான் பார்த்த ஒரு லாரியில் பெட்டியை கிரைண்டரால் அறுத்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் செராமிக் கல்லை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி வெல்டிங் அடித்திருந்தார்கள். கல் எங்கே என்று கேட்டேன். கூலி கொடுத்த ஓனருக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு உண்டு, அதை வாங்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். கூலியும் அறுத்தவருக்கு, கல்லும் அவருக்கு! உங்களுக்கு மிஞ்சுவது எரிந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கை விளக்கும், அதை அணைக்க இன்னொரு செலவும்தான்.

மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ உரிமையாளரைத்தான் பிடிக்கும்: 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அறுத்துக் கொடுத்தவரை யாரும் தேடிப் போய் நான் பார்த்ததில்லை. புகைச் சோதனை மையமோ டீசல் வண்டியில் புகையின் கருமையை மட்டும் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அந்த ஆக்சைடைக் குறைக்கும் யூரியா கரைசலைத் தெளிப்பதை நிறுத்திய லாரியும் சான்றிதழோடு ஓடுகிறது. இன்னும் எத்தனை வருடம் இப்படியே விடுவார்கள்?

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் பழைய பிஎஸ் 3 லாரி நின்றால், அதில் டிபிஎஃப் கிடையாது. துருப்பிடித்த சைலன்சரைத் தாராளமாக மாற்றலாம். ஆனால் பழைய விட்டமே, பழைய நீளமே இருக்கட்டும். சத்தம் கூட வேண்டும் என்று சைலன்சரின் உள்தட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். டர்போவை அடுத்து வரும் வளையும் பெல்லோஸ் குழாயை விட்டுவிட்டு நேர் பைப்பை வெல்டிங் அடிக்க ஒப்புக்கொள்ளவே வேண்டாம். இன்ஜின் ஆடும், சேஸிஸ் ஆடாது, அந்த இழுப்பில் மேனிஃபோல்டு விரிசல் விடும். வேலை முடிந்ததும் பைப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பாரம் பிராக்கெட்டில் நிற்க வேண்டும், டர்போவில் தொங்கக்கூடாது.