கம்பைலருக்குச் சொன்னது லிங்கருக்குத் தெரியுமா?

கேள்வி: ஐயா, பாமணியாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க மிப்ஸ் வகைச் செயலிச் சில்லில் ஒரு கருவி செய்துள்ளேன். நிரலை மொழிபெயர்க்கும் ஜிசிசி கம்பைலருக்கு ‘-ஜி 64’ (பெரிய எழுத்து G) கொடுத்து, அதன் வெளியீட்டை ஆப்ஜெக்ட் கோப்பாக்கும் அசெம்ப்ளரையும் அக்கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரையும் தனித்தனியே இயக்குகிறேன். இதுவரை ஓடியது, பதிவுகளுக்கென 70,000 பைட் அணி (அர்ரே) ஒன்றைச் சேர்த்ததும், 40 பைட் அளவுள்ள வேறொரு மாறியைக் காட்டி ‘ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ (முகவரி அதற்குரிய இடத்தில் அடங்கவில்லை) என்று லிங்கர் நின்றுவிடுகிறது. ஏன்?
— வாசகர், மன்னார்குடி

பதில்: பிழை அணியில் இல்லை, அது பழைய பிழையை வெளிக்காட்டியது, அவ்வளவுதான். ‘-ஜி 64’ என்றதும், 64 பைட்டுக்கு மிகாத மாறிகளெல்லாம் சிறிய மாறிகளுக்கென நினைவகத்தில் ஒதுக்கும் சிறுதரவுப் பகுதியில் இருக்கும் என்று நம்பி, அவற்றை அப்பகுதியைச் சுட்டும் ஜிபி ரெஜிஸ்டரிலிருந்து 16 பிட் தொலைவாக, இரண்டு கட்டளைகளுக்குப் பதில் ஒரே கட்டளையில் எட்டும்படி கம்பைலர் எழுதிவிடுகிறது. ஆனால் தொடக்கமதிப்பு தராத பொது மாறி, இடம் ஒதுக்கப்படாமல் பெயரும் அளவும் மட்டும் கொண்ட ‘காமன்’ சின்னமாகச் செல்லும்போது அதை எங்கே வைப்பது என்பதை அசெம்ப்ளரும் லிங்கரும் தத்தம் ‘-ஜி’ அளவைப் பார்த்தே முடிவு செய்கின்றன. நீங்கள் எதுவும் சொல்லாததால் அவை வழக்கமான 8 பைட்டையே எடுத்துக்கொண்டு, உங்கள் 40 பைட் மாறியைச் சாதாரணப் பகுதிக்கு அனுப்பிவிட்டன. மேட்டூரில் திறப்பைக் கூட்டிவிட்டுக் கல்லணைக்குச் சொல்லாமல் விட்டதைப் போன்றதுதான் இது. ஜிபி எட்டும் பரப்பு மொத்தமே 64 கிலோபைட்; அதற்குள் அந்த மாறி தற்செயலாக விழுந்தவரை கருவி ஓடியது, புதிய அணி அதை வெளியே தள்ளியதும் நின்றது.

அசெம்ப்ளரையும் லிங்கரையும் நேரடியாக அழைக்காமல் ஜிசிசி வழியாகவே எல்லாப் படிகளையும் நடத்துங்கள். ‘-ஜி’ எண்ணை இரண்டுக்கும் அதுவே கடத்திவிடும். தனியே அழைத்தே ஆகவேண்டுமென்றால், மூன்று இடத்திலும் அதே எண்ணை எழுதி, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி தொகுக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய நூலகம் வேறு எண்ணில் தொகுக்கப்பட்டிருந்தால் இதே தொல்லை அங்கிருந்தும் வரலாம்; அப்போது எல்லாவற்றையும் ‘-ஜி 0’ என்று, அதாவது சிறுதரவுப் பகுதியைப் பயன்படுத்தாமல், தொகுப்பதே பாதுகாப்பு.

2020இல் வந்த ஜிசிசி 10 முதல் பொது மாறிகள் இயல்பாகக் காமன் சின்னமாவதில்லை என்பதால், உங்களிடம் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம், அல்லது பழைய வழக்கத்துக்கே திருப்பும் ‘-எஃப்காமன்’ என்ற தெரிவு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு கட்டளையை மிச்சப்படுத்துவதற்கு 64 என்பது, என் பார்வையில், பேராசை.