மகள் போட்ட கணக்கும் சித்திரை மாத விற்பனையும்

கேள்வி: மதுரை செல்லூரில் சிறு கடை எடுத்து, சுங்குடித் துணியில் நைட்டி தைத்து விற்கிறேன். துணி, தையல் கூலி, பட்டன், பை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 180 ரூபாய் ஆகிறது. பங்குனியில் 300 ரூபாய் விலையில் 120 விற்றன. சித்திரையில் 340 ஆக்கினேன், 100 விற்றன. கடை வாடகை 6,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகப்போவதால் விலையை ஏற்றச் சொல்கிறார் கணவர். பதினோராம் வகுப்பில் வணிகக் கணிதம் படிக்கும் மகளோ, வகையிட்டுப் பார்த்ததில் 270 ரூபாய்தான் சரியான விலை என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் கணக்கைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறாள், ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்கு விடை கண்டிருக்கிறாள். 40 ரூபாய் ஏற்றியதில் 20 நைட்டி குறைந்திருப்பதால், ரூபாய்க்கு அரை நைட்டி வீதம் விற்பனை குறைகிறது என்று கொண்டு, விற்கும் எண்ணிக்கை = 270 − 0.5 × விலை என்று எழுதியிருப்பாள். அதை விலையால் பெருக்கினால் விற்பனை வரவு. அந்த வரவை விலையைப் பொறுத்து வகையிட்டால், அதாவது விலை சற்றே கூடும்போது வரவு எந்த வீதத்தில் மாறுகிறது என்று பார்த்தால், 270 − விலை என்று வரும். வரவு உச்சத்தைத் தொடும் இடத்தில் அந்த வீதம் பூச்சியம் என்பதால், அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விலை 270. அந்த விலையில் 135 நைட்டி விற்று, கல்லாவில் 36,450 ரூபாய் சேரும். ஆனால் அதில் 24,300 ரூபாய் துணிக்கும் கூலிக்கும் போய்விட, வாடகைக்கு முன் உங்களுக்கு நிற்பது 12,150 மட்டுமே. 300 ரூபாய்க்கு 120 விற்றபோதே 14,400 நின்றதே! கூடுதலாகப் பதினைந்து நைட்டி தைத்து, 2,250 ரூபாயை இழப்பதற்கு நுண்கணிதம் தேவையில்லை.

மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். பொருளியலில் இந்த வழிக்குத் தொடக்கம் வைத்த பிரெஞ்சு அறிஞர் கூர்னோ, 1838-இல் வெளியிட்ட நூலில் முதலில் எடுத்துக்கொண்டதும் இதே கணக்குதான். அவருடைய எடுத்துக்காட்டில் இருந்தவர் ஒரு கனிமநீர் ஊற்றின் உரிமையாளர். ஊற்றுநீருக்கு உற்பத்திச் செலவு இல்லை என்று வைத்துக்கொண்டதால், வரவு உச்சத்தைத் தொடும் விலையே இலாபமும் உச்சத்தைத் தொடும் விலையாக இருந்தது. செலவைப் பிறகுதான் சேர்த்தார். உங்கள் சுங்குடி ஊற்றில் வருவதில்லை என்பதால், நாம் அதைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

இலாபம் = (விலை − 180) × (270 − 0.5 × விலை) − வாடகை. இதை விரித்து வகையிட்டால் 360 − விலை என்று கிடைக்கும். ஆகவே 360 ரூபாயில் இலாபம் உச்சம். மறுபடியும் வகையிட்டால் வரும் இரண்டாம் வகைக்கெழு −1, அதாவது குறை எண் என்பதால், இலாபத்தை வரைபடமாக வரைந்தால் இந்த இடம் பள்ளமன்று, மேடுதான். அந்த விலையில் 90 நைட்டி விற்று, வாடகைக்கு முன் 16,200 ரூபாய் நிற்கும்.

கணவரின் யோசனைக்கும் இதே சமன்பாட்டில் விடை இருக்கிறது. வாடகை ஒரு மாறிலி, அதாவது விலை மாறினாலும் மாறாத எண்; மாறிலியின் வகைக்கெழு பூச்சியம். வாடகை 6,000 ஆனாலும் 7,500 ஆனாலும் மேட்டின் உச்சி அதே 360-இல்தான் நிற்கும், மேட்டின் உயரம் மட்டும் 1,500 ரூபாய் குறையும். வாடகை ஏறினால் கடையைத் தொடர்வதா என்று யோசிக்கலாமே தவிர, அதற்காக விலையை ஏற்றினால் வாங்குபவர்கள்தான் குறைவார்கள். துணிவிலை ஏறுவது வேறு கதை: ஒரு நைட்டிக்கு 20 ரூபாய் செலவு கூடினால், இந்தக் கணக்கில் விலையை 10 ரூபாய் ஏற்றுவதே உகந்தது, மீதிப் பத்தை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

அப்படியானால் நாளையே 360 என்று அட்டை எழுதி மாட்டலாமா? அவசரப்படாதீர்கள். எனக்கு இடிப்பது வகையிடல் அன்று, சித்திரை மாதம். அழகர் ஆற்றில் இறங்கும் மாதத்தில், உங்கள் வட்டாரம் எவ்வளவு கூட்டத்தைப் பார்க்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 100 நைட்டியில் பன்னிரண்டைத் திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வாங்கியதாக வைத்துக்கொண்டால், சாதாரண மாதத்தில் 340 ரூபாய்க்கு 88 மட்டுமே போயிருக்கும். உடனே ரூபாய்க்கு 0.8 நைட்டி குறைகிறது என்றாகி, விற்கும் எண்ணிக்கையைக் காட்டும் கோடு 360 − 0.8 × விலை என்று மாறி, உகந்த விலை 315-க்கு இறங்கிவிடும். பன்னிரண்டு நைட்டி, விடையில் 45 ரூபாயைப் புரட்டிவிட்டது. இரண்டே புள்ளிகளில் கோடு போட்டால் இந்தத் தொல்லை இருக்கவே செய்யும்.

ஆகவே என் யோசனை 330 ரூபாய். முதல் கோடு உண்மையானால் 105 நைட்டி விற்று, வாடகைக்கு முன் 15,750 ரூபாய் நிற்கும். 300-இல் நின்றதைவிட இது 1,350 ரூபாய் கூடுதல். இரண்டாவது கோடு உண்மையானால் 96 விற்று, அதே 14,400 நிற்கும், ஒரு ரூபாயும் குறையாது. உச்சிக்கு அருகில் மேடு எப்போதும் தட்டையாக இருப்பதால்தான் இப்படி நிதானமாக அடிவைக்க முடிகிறது. உங்கள் கைத்தையலுக்கென்று வருகிறவர்கள் இருப்பதால் விலை உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கொண்டுவந்து இறக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கால் பயனில்லை, அன்றைய வரத்தும் முகூர்த்தமும் வைத்ததுதான் அவருக்கு விலை.

வைகாசியிலும் ஆனியிலும் 330-ஐ மாற்றாமல் விற்று, தினமும் போனதை நோட்டில் குறித்து வாருங்கள். ஆடியில் ஊரெல்லாம் தள்ளுபடி என்பதால் அந்த மாத எண்ணிக்கையைக் கோட்டில் சேர்க்காதீர்கள். மாதம் 105-ஐ ஒட்டிப் போனால் 345, 350 என்று மெல்ல ஏற்றலாம். 96-ஐ ஒட்டி நின்றால் 315 அல்லது 320-க்கு வந்துவிடுங்கள். ஆவணியில் அந்த நோட்டை மகளிடம் கொடுத்து மறுபடியும் வகையிடச் சொல்லுங்கள், இந்த முறை 180-ஐக் கழித்துவிட்டு.